ரிப்போர்ட் எல்லாம் நார்மல், தொல்லை மட்டும் அப்படியே

டாக்டரைக் கேளுங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது ஒரு குவியல் மட்டும் உயர்ந்துகொண்டே போனது. வயிற்றுவலி, அசதி, மயக்கம், கால் இழுத்தல் என்று ஆளுக்கொரு தொல்லை. ஆனால் ஏறக்குறைய எல்லாக் கடிதத்திலும் ஒரே வரி: "எல்லா டெஸ்டும் எடுத்தாகிவிட்டது, ஒன்றுமில்லை என்கிறார்கள்." ஒருவர் 212 பக்க ஃபைலை முழுதாக நகலெடுத்து அனுப்பியிருக்கிறார். இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். அவருக்கு என்ன செய்கிறது, அது எப்போது தொடங்கியது என்ற விவரம் அந்த 212 பக்கத்தில் எங்குமே இல்லை. ஃபைலின் மேல் குத்தி வைத்திருந்த துண்டுச்சீட்டில்தான் இருந்தது.

சர்க்கரை, தைராய்டு கேள்விகள் அடுத்த மாதம் வரை பொறுக்கட்டும். இம்முறை இந்தக் குவியலுக்கு மட்டும் பதில். கடிதத்தை வைத்து நோயின் பெயரைச் சொல்ல என்னால் முடியாது. தேடல் எங்கே வழி தவறியிருக்கலாம் என்று சொல்ல முடியும்.

கேள்வி: எனக்கு வயது 31. ஐந்து வருடமாக விட்டுவிட்டு வயிற்றுவலி. வந்தால் மூன்று நான்கு நாள் ஆளையே சுருட்டிப் போட்டுவிடும். வாந்தி, மலச்சிக்கல், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து வரும். போன முறை கை ஓய்ந்துபோய்த் தண்ணீர்க் குவளையைத் தூக்க முடியவில்லை. பிறகு தானாகவே போய்விடும். ஒன்றிரண்டு மாதம் எதுவுமே நடக்காதது போல இருப்பேன். மூன்று அல்ட்ராசவுண்ட், ஒரு சிடி, இரண்டு எண்டோஸ்கோபி எடுத்தாயிற்று. குடல்வாலை அகற்றினார்கள்; அது நன்றாகத்தான் இருந்ததாம். கடைசியாகப் பார்த்த டாக்டர், "டென்ஷனைக் குறையுங்கள்" என்று அனுப்பிவிட்டார். வலி என்று சொன்னால் வீட்டில் இப்போது யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. எனக்கே சந்தேகமாக இருக்கிறது. நான் கற்பனை செய்துகொள்கிறேனா? (மாதவிலக்குக்குச் சில நாள் முன்புதான் அதிகம் வருகிறது. எடையைக் குறைக்கப் பட்டினி கிடந்த மாதம் இரண்டு முறை வந்தது. இதெல்லாம் முக்கியமா என்று தெரியவில்லை.)

பதில்: அடைப்புக்குறிக்குள் போட்டு மன்னிப்புக் கேட்பது போல எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்திலேயே கனமான வரிகள் அவைதாம். ஐந்து வருடத்தில் அதை யாரிடமாவது சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

பரிசோதனைகளின் தேதிகளைக் கேட்டுத் தொலைபேசியில் பேசினேன், நினைவிருக்கும். மூன்று அல்ட்ராசவுண்டும் சிடியும் எண்டோஸ்கோபியும் வலி ஓய்ந்த பிறகு எடுத்தவை. வலிக்கும்போது எழுந்திருக்க முடியாது. அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதற்குள் வலி போய்விடும். போன வலியைத் தேடி ஸ்கேன் எடுப்பார்கள். திருடன் போன பிறகு வாசலில் காவல் நிற்பது போல. அந்த ரிப்போர்ட்டுகள் பொய் சொல்லவில்லை. அன்றைய தேதியில், அந்தக் கருவி பார்க்கக்கூடிய விஷயங்களில் கோளாறு இல்லை என்றுதான் சொல்கின்றன. "இந்தப் பெண்ணுக்கு ஒன்றுமில்லை" என்ற வாக்கியம் எந்த ரிப்போர்ட்டிலும் அச்சாகியிருக்காது. அது நாங்கள் வாயால் சேர்ப்பது.

மாதவிலக்கை ஒட்டி வரும் வலி என்றவுடன் யோசிக்க வேண்டியது எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து வலியை உண்டாக்கும் நோய். இது அபூர்வமானதே அல்ல. பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. இருந்தும், அறிகுறி தொடங்கியதிலிருந்து பெயர் கிடைக்கும் வரை சராசரியாக 4 முதல் 11 ஆண்டுகள் ஆவதாகப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சாதாரண அல்ட்ராசவுண்ட் நார்மலாக இருப்பதை வைத்து இதை இல்லையென்று சொல்ல முடியாது. மகப்பேறு மருத்துவரிடம் இந்தக் கேள்வியை நேராகவே கேளுங்கள்.

ஆனால் கை ஓய்ந்துபோனதும், பட்டினி மாதத்தில் இரண்டு முறை வந்ததும் என்னை வேறு பக்கம் இழுக்கின்றன. அக்யூட் இன்டர்மிட்டன்ட் போர்ஃபிரியா என்று ஒரு பரம்பரைக் கோளாறு. ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் என்ற பொருளைக் கல்லீரல் தயாரிக்கும் வழியில் ஒரு நொதி குறைவாக இருக்கும். பாதித் தயாரான வேதிப்பொருள்கள் தேங்கி நரம்புகளைத் தாக்கும். பெரும்பாலும் இளம் பெண்களுக்கு, மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில், அல்லது பட்டினி கிடந்தால், அல்லது சில மாத்திரைகளை விழுங்கினால் கிளம்பும். வலி உயிர் போகும். தொட்டுப் பார்க்கும் டாக்டரின் விரலுக்கோ வயிறு மென்மையாக இருக்கும். "நடிக்கிறாள்" என்ற பட்டம் இவர்களுக்குச் சுலபமாகக் கிடைப்பது அதனால்தான். நல்ல குடல்வாலைப் பறிகொடுத்தவர்கள் இந்த நோயாளிகளிடையே உண்டு.

இது அபூர்வம். உங்களுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை சிறுநீரில் போர்ஃபோபிலினோஜென் என்ற பொருளை அளப்பது மட்டுமே. எண்டோஸ்கோபியைவிட எத்தனையோ எளிது. இரண்டு விஷயம் முக்கியம். வலி இருக்கும் நாளிலேயே சிறுநீர் பிடிக்க வேண்டும். ஓய்ந்த பிறகு எடுத்தால் தவறிப்போகலாம். வெளிச்சம் படாமல், குப்பியைத் தாளில் சுற்றிக் கொடுக்க வேண்டும். ஆகவே வலி வரும்வரை காத்திருக்காமல் இப்போதே டாக்டரிடம் போய்ப் பரிசோதனைச் சீட்டையும் காலிக் குப்பியையும் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வலி வந்த அன்று சிறுநீரை வெளிச்சத்தில் சற்று நேரம் வைத்தால் நிறம் கருஞ்சிவப்பாக மாறுகிறதா என்று தனியாகவும் பாருங்கள். மாறாவிட்டால் நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மாறினால் கட்டாயம் சொல்லுங்கள். கை மீண்டும் ஓய்ந்தாலோ மூச்சு வாங்கினாலோ அப்பாயின்ட்மென்ட் எதற்கும் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

கற்பனையா என்று கேட்டீர்கள். இல்லை.

கேள்வி: ஒன்பது டாக்டர்களைப் பார்த்துவிட்டேன். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. வாயைத் திறந்தவுடன் குறுக்கே கேள்வி கேட்கிறார்கள். சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. வெளியே வந்த பிறகுதான் முக்கியமானது ஞாபகம் வருகிறது. எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுங்களேன். (ஆண், வயது 46, மூன்று வருடமாகத் தீராத அசதி, எடை குறைவு)

பதில்: குற்றம் எங்கள் பக்கம்தான். 1984-இல் அமெரிக்காவில் டாக்டர்களின் உரையாடல்களைப் பதிவுசெய்து கேட்டார்கள். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 வினாடியில் டாக்டர் குறுக்கிட்டிருந்தார். குறுக்கிடாமல் விட்டால் இவர்கள் நாள் முழுக்கப் பேசுவார்கள் என்பது எங்கள் பயம். அதையும் சோதித்திருக்கிறார்கள்: சுவிட்சர்லாந்தில் 335 நோயாளிகளைத் தடுக்காமல் பேசவிட்டார்கள். சராசரி 92 வினாடி. நான்கில் மூன்று பேருக்கு மேல் இரண்டு நிமிடத்துக்குள் தாமாகவே நிறுத்திக்கொண்டார்கள். 2002-இல் வெளியான ஆய்வு. என் பணிக்காலத்தின் நடுப்பகுதியில்தான் அதைப் படித்தேன். அதற்கு முன் எத்தனை பேரின் 92 வினாடியைப் பிடுங்கியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கத் துணிவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. 1975-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 80 புதிய நோயாளிகள். அவர்களில் 66 பேருக்கு, கதையைக் கேட்டு முடித்தபோது டாக்டர் ஊகித்த நோயே கடைசியில் உறுதியானது. உடலைப் பரிசோதித்ததால் முடிவு மாறியவர்கள் 7 பேர், லேப் பரிசோதனைகளால் மாறியவர்கள் 7 பேர். அதன் பிறகு கருவிகள் எவ்வளவோ வளர்ந்துவிட்டன என்பது உண்மை. ஆனால் எந்தக் கருவிக்குள் உங்களை அனுப்புவது என்பதைத் தீர்மானிப்பது இன்றும் நீங்கள் சொல்லும் கதைதான்.

எனவே ஒரே ஒரு தாள் எழுதுங்கள். ஃபைல் கையில் இருக்கட்டும், மேசை மேல் வைக்காதீர்கள். வைத்தால் டாக்டரின் கண் அதற்குப் போய்விடும். தாளின் முதல் வரி: கடைசியாக எப்போது முழு நலத்துடன் இருந்தீர்கள். பலர் இதை எழுதும்போதே திகைத்துப்போவார்கள். பிறகு எது முதலில் வந்தது, எது அடுத்து, மாதமும் வருடமும் போட்டு. எது கூட்டுகிறது, எது குறைக்கிறது, நாளின் எந்தப் பொழுதில் மோசம். இப்போது செய்ய முடியாமல் போன இரண்டு மூன்று காரியங்கள். "ரொம்ப அசதி" என்பதைவிட "முன்பு மூன்று மாடி ஏறுவேன், இப்போது முதல் மாடியில் உட்கார்ந்துவிடுகிறேன்" என்பது எங்களுக்குப் புரியும் மொழி. குடும்பத்தில் யாருக்கு என்ன. விழுங்கும் மாத்திரைகள் எல்லாம், கடையில் நீங்களாக வாங்குவது உட்பட. முன்பு டாக்டர்கள் வைத்த நோய்ப் பெயர்களைத் தாளின் அடியில் எழுதுங்கள், மேலே வேண்டாம். மேலே எழுதினால் பத்தாவது டாக்டரும் அதே தண்டவாளத்தில் ஓடுவார்.

இதை எங்கே கற்றேன் என்று சொல்லிவிடுகிறேன். ஓர் ஆசிரியை. 14 மாதத்தில் நான்கு முறை என்னிடம் வந்தார். அசதி, எடை குறைவு, எழுந்து நின்றால் தலைசுற்றல். ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு மூன்றும் சரி. சோடியம் 131 என்று ஒரு முறை வந்தது. நார்மல் எல்லையான 135-க்குக் கீழே. வாந்தி எடுத்திருக்கிறார், அதனால் இருக்கும் என்று அடிக்கோடு போட்டுவிட்டுக் கடந்தேன். நான்காம் முறை வேறொரு டாக்டருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும்போது "பதற்றம்" என்ற சொல்லை எழுதினேன். அந்தச் சொல் அவரைவிட வேகமாகப் பயணம் செய்தது. அடுத்துப் பார்த்த இரண்டு மருத்துவர்களும் அதைப் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். கடைசியில் மயங்கி விழுந்து அவசரப் பிரிவில் சேர்ந்தபோது, படிப்பை முடித்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு பையன் அவருடைய உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். ரேகைகள் கறுத்திருந்தன. "உப்பு அதிகமாகச் சாப்பிடத் தோன்றுகிறதா?" என்று கேட்டான். "வெறும் உப்பையே அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறேன், சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை" என்றார்.

அடிசன் நோய். சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் வேலையை நிறுத்திவிடும் நோய்; உடல் உப்பை இழக்கும், தோல் கறுக்கும். லண்டனில் தாமஸ் அடிசன் 1855-லேயே விவரித்துவிட்டார். அந்தச் சுரப்பிகள் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைக் காலை எட்டு மணி வாக்கில் அளக்கும் பரிசோதனையில் சந்தேகம் வலுக்கும், மற்றொரு பரிசோதனையில் உறுதியாகும். தினமும் மாத்திரை எடுத்துக்கொண்டால் இயல்பாக வாழலாம். கண்டுபிடிக்காமல் விட்டால் உயிர் போகும். அவர் நான்கு முறை என் எதிரே உட்கார்ந்திருந்தார். நான் கையைப் பார்க்கவில்லை. தேறிய பிறகு வந்து டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை என் மேசையில் வைத்துவிட்டு, "நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது" என்றார். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

உங்களுக்கும் அசதியும் எடை குறைவும் இருப்பதாகச் சொல்கிறீர்கள். முயற்சி எதுவும் செய்யாமல் எடை குறைந்தால் பத்தாவது டாக்டரைத் தள்ளிப்போடாதீர்கள். இரவில் வியர்த்து நனைதல், காய்ச்சல், மலத்தில் ரத்தம் இருந்தால் இந்த வாரமே போங்கள்.

கேள்வி: ஏன் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக டெஸ்ட் எழுதுகிறார்கள்? தலை முதல் கால் வரை எல்லா ஸ்கேனும், இருக்கிற எல்லா ரத்தப் பரிசோதனையும் ஒரே நாளில் எடுத்துவிட்டால் எதுவாக இருந்தாலும் மாட்டிக்கொள்ளாதா?

பதில்: மாட்டும். வேறு யாரோ மாட்டுவார்கள். நார்மல் எல்லை என்று ரிப்போர்ட்டில் போடுகிறார்களே, அது நலமான மனிதர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படி வகுத்த எல்லை. அதாவது எந்த நோயும் இல்லாத நூறு பேரில் ஐந்து பேருக்கு அந்தப் பரிசோதனை "அப்நார்மல்" என்று வரும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை ஒரே நாளில் எடுத்தால், முழு ஆரோக்கியமான ஒருவருக்குக்கூட ஒன்றாவது எல்லை மீறுவதற்கு 64 சதவீத வாய்ப்பு. பிறகு அதைத் துரத்த வேண்டும். ஸ்கேனும் இப்படித்தான். 1994-இல் முதுகுவலியே இல்லாத 98 பேரின் முதுகை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள எல்லா வட்டுகளும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். மற்றவர்களில் ஒருவருக்கு அன்று காலை இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தால், "முதுகெலும்பு தேய்ந்துவிட்டது" என்று யாராவது இடுப்பில் பட்டை கட்டிவிட்டிருப்பார்கள். ஏஎன்ஏ (தன் உடலையே தாக்கும் எதிர்ப்பொருள்களைத் தேடும் ரத்தப் பரிசோதனை) பாசிட்டிவ் என்று வந்ததும், எதிர்ப்புசக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் நோய் என்று முடிவுகட்டி அழுதுகொண்டு எழுதுபவர்களுக்கும் இதே பதில்: குறைந்த அளவில் பாசிட்டிவ் வருவது நலமானவர்களிடமும் சகஜம்.

ஒரு பரிசோதனையை எழுதும் முன் "என்ன சந்தேகத்தால் இதை எழுதுகிறீர்கள், நார்மல் என்று வந்தால் அடுத்து என்ன?" என்று டாக்டரைக் கேளுங்கள். பதில் இருந்தால் எடுங்கள்.

கேள்வி: அறிகுறிகளை இணையத்தில் தேடலாமா?

பதில்: தேடுங்கள். கிடைத்ததைக் கேள்வியாக எழுதிக்கொண்டு போங்கள். இரவு பதினோரு மணிக்கு மேல் மட்டும் வேண்டாம். அந்த நேரத்தில் எல்லா அறிகுறியும் புற்றுநோயாகத்தான் முடியும்.

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு எட்டு மாதமாக நின்றால் படபடப்பு, கண் இருட்டுதல், சில சமயம் மயக்கம். படுத்தால் சரியாகிவிடுகிறது. ஈசிஜி, எக்கோ, மூளை ஸ்கேன் எல்லாம் நார்மல். தேர்வு பயம் என்கிறார்கள். அவளோ படிக்க ஆசைப்படுகிற பெண். வகுப்பில் நிற்கத்தான் முடியவில்லை.

பதில்: ஈசிஜியைப் படுக்க வைத்துத்தானே எடுத்தார்கள்? நின்றால் வரும் தொல்லையைப் படுக்க வைத்துத் தேடியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நாடி பிடிக்கத் தெரிந்தவரும் பிபி கருவியும் போதும். டாக்டரிடம் இப்படிச் செய்யச் சொல்லுங்கள்: பத்து நிமிடம் அமைதியாகப் படுக்க வைத்து நாடித்துடிப்பும் பிபியும் குறிக்க வேண்டும். பிறகு சாயாமல் நிற்க வைத்து 1, 3, 5, 10 நிமிடங்களில் மறுபடி குறிக்க வேண்டும். பக்கத்தில் தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கட்டும். பிபி பெரிதாக விழாமல், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 30-க்கு மேல் ஏறினால், உங்கள் மகளைப் போல 12 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களுக்கு 40-க்கு மேல் ஏறினால், பாட்ஸ் என்ற கோளாறைச் சந்தேகிக்கலாம். நிற்கும்போது ரத்த ஓட்டத்தைச் சரிசெய்யும் தானியங்கி நரம்புகள் தடுமாறுவது இது. 1993-இல்தான் இந்தப் பெயர் வந்தது, ஆகவே வயதான டாக்டர்கள் கல்லூரியில் படித்திருக்க மாட்டார்கள், நானும் படிக்கவில்லை. இளம் பெண்களிடம் அதிகம், வைரஸ் காய்ச்சலுக்குப் பின் தொடங்குவதும் உண்டு. ரத்தசோகை, தைராய்டு, நீர்ச்சத்துக் குறைவு, மாத்திரைகளின் விளைவு ஆகியவை இல்லை என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

படபடப்பும் பயமும் உடலில் ஒரே மாதிரித் தெரியும் என்பதால் இந்தக் குழப்பம். வித்தியாசம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: படுத்தால் சரியாகிவிடுகிறது. தேர்வு பயம் படுத்தால் போகாது, படுத்தால்தான் அதிகமாகும்.

கேள்வி: வலது கால் ஏழு மாதமாக இழுக்கிறது. எம்ஆர்ஐ சுத்தமாக இருக்கிறதாம். நரம்பியல் மருத்துவர் பரிசோதித்துவிட்டு "ஃபங்ஷனல்" என்கிறார், மனநல மருத்துவரையும் பார்க்கச் சொல்கிறார். போனால் என்னைப் பைத்தியம் என்று எழுதி ஃபைலை மூடிவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. (பெண், வயது 38)

பதில்: அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, அதை ஏற்றுக்கொண்டே சொல்கிறேன்: போங்கள்.

"வேறு எதுவும் கிடைக்கவில்லை, அதனால் மனம்" என்று சொல்வது ஒன்று. உங்கள் மருத்துவர் செய்திருப்பது வேறாக இருக்கலாம். படுக்க வைத்து, இழுக்கும் காலின் குதிகாலைப் படுக்கையில் அழுத்தச் சொல்லியிருப்பார், வலு இருந்திருக்காது. பிறகு நல்ல காலை அவர் கை தடுக்கத் தூக்கச் சொல்லியிருப்பார். அப்போது இழுக்கும் காலின் குதிகால் தானாகவே வலுவாக அழுந்தியிருக்கும். 1908-இல் ஹூவர் என்ற மருத்துவர் விவரித்த சோதனை. நரம்பும் தசையும் அறுந்துபோகவில்லை, மூளை அவற்றை இயக்கும் விதத்தில் கோளாறு என்று நேரடியாகக் காட்டுவது. நீங்கள் நடிப்பதாக இதற்குப் பொருள் கிடையாது. இதற்கென்று பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள். நடை திரும்பியவர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்தச் சோதனையை உங்களுக்கும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பார்த்தவர்கள் பலர் அங்கேயே நம்பிக்கை பெறுகிறார்கள்.

ஒரு காலத்தில் இந்தத் தீர்ப்பு அடிக்கடி தவறிப்போனது. 1950-களில் இப்படிச் சொல்லப்பட்டவர்களில் 29 சதவீதம் பேருக்குப் பின்னால் வேறு நோய் தெரியவந்தது. 1970-க்குப் பிறகு அது 4 சதவீதமாகக் குறைந்திருப்பதாக 2005-இல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. அந்த நான்கு சதவீதத்துக்காக ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்: ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கிறேன் என்ற தேதி. புதிதாக எந்த அறிகுறி வந்தாலும் அதைப் புதிதாகவே பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எட்டு வயது மகனுக்கு வளர்ச்சித் தாமதமும் வலிப்பும். மூன்று ஆண்டுகளுக்கு முன் மரபணுப் பரிசோதனையும் செய்தோம். "காரணம் எதுவும் தெரியவில்லை" என்று வந்தது. இதோடு கதவு மூடிவிட்டதா?

பதில்: இல்லை அம்மா. மரபணுப் பரிசோதனையில் உங்கள் மகனின் எழுத்துகள் மாறுவதில்லை. அவற்றைப் படிக்கும் அகராதி வருடத்துக்கு வருடம் பெருத்துக்கொண்டிருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் பொருள் தெரியாத ஒரு மாற்றத்துக்கு இன்று பொருள் தெரிந்திருக்கலாம். ரத்தம் மறுபடி எடுக்க வேண்டியதில்லை. பழைய தரவையே மறு ஆய்வு செய்யும்படி மரபணு மருத்துவரிடம் கேளுங்கள். இடையில் அவனிடம் புதிதாகத் தெரிந்த அடையாளங்களையும் சொல்லுங்கள், தேடலைக் குறுக்க உதவும்.

6,000-க்கும் அதிகமான அபூர்வ நோய்கள் உள்ளன, பெரும்பான்மை மரபணு சார்ந்தவை. ஒவ்வொன்றும் அபூர்வம், சேர்த்துப் பார்த்தால் உலகில் சுமார் 30 கோடிப் பேர். அமெரிக்காவின் தேசிய சுகாதாரக் கழகம் 2008-இல் கண்டறியப்படாத நோய்களுக்கென்றே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. எல்லா மருத்துவர்களும் கைவிரித்த ஃபைல்கள்தாம் அங்கே நுழைவுச்சீட்டு. அங்கும் பலருக்குப் பெயர் கிடைப்பதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெயர் வரும்வரை வலிப்புக்கு மருந்து, பேச்சுப் பயிற்சி, பிசியோதெரபி எதையும் நிறுத்தி வைக்காதீர்கள்.

கேள்வி: நான்கு வருடம் அலைந்தேன். மாலையானால் இமை தொங்கும், ஒன்று இரண்டாகத் தெரியும், மென்றுகொண்டிருக்கும்போதே தாடை ஓய்ந்துவிடும். காலை ஒன்பது மணிக்கு டாக்டரைப் பார்க்கப் போனால் நன்றாக இருப்பேன். நான்கு மருத்துவர்கள் கண்ணாடியை மாற்றினார்கள், தூங்கச் சொன்னார்கள். ஒரு நாள் இரவு என் மனைவி என் முகத்தைப் படமெடுத்துக் காட்டிய பிறகுதான் ஐந்தாமவர் மயஸ்தீனியா கிராவிஸ் (நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத நோய்) என்று கண்டுபிடித்தார். மருந்து வேலை செய்கிறது. மகிழ்ச்சியாகத்தானே இருக்க வேண்டும்? எனக்குக் கோபம்தான் வருகிறது. நான்கு வருடம் போய்விட்டது, டாக்டர். (வயது 52)

பதில்: வரட்டும். அது நியாயமான கோபம், சீக்கிரம் போக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பெயர் கிடைத்த பிறகு அழுகிறவர்களையும் தூங்கியே கிடப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். நான்கு வருடம் நிரூபித்துக்கொண்டே இருந்த மனிதர் சட்டென்று நிரூபிக்க வேண்டியதில்லை என்றானதும் எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறுவார்.

முதலில் இரண்டு வேலை. நெஞ்சில் தைமஸ் சுரப்பியைப் பார்க்கும் ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். இந்த நோயில் சிலருக்கு அங்கே கட்டி இருக்கும். அடுத்து, சில ஆன்டிபயாடிக்குகளும் நரம்பு வழி ஏற்றும் மெக்னீசியமும் இந்த நோயை மோசமாக்கும். தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலை உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறினாலோ விழுங்க முடியாமல் போனாலோ உடனே அவசரப் பிரிவு.

கோபம் சற்று ஆறிய ஒரு நாளில் அந்த நான்கு மருத்துவர்களுக்கும் ஆளுக்கொரு கடிதம் எழுதுங்கள். வசை வேண்டாம். என்ன அறிகுறி சொன்னேன், என்ன நோய் என்று தெரிந்தது, எந்தப் பரிசோதனையில் தெரிந்தது, அவ்வளவே. நம்மிடமிருந்து போன நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. வராவிட்டால் குணமாகிவிட்டார் என்றே நினைத்துக்கொள்கிறோம். அந்த ஆசிரியை வந்து சொல்லியிருக்காவிட்டால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். கடிதத்தோடு உங்கள் மனைவி எடுத்த படத்தையும் வைத்து அனுப்புங்கள், எடுத்த நேரத்தைப் பின்புறம் எழுதி.